நலங்கு மாவு பூசினால் முகம் பளபளக்கும், நிறம் மாறுமா?

திருச்சி,

சிவப்பாக வேண்டும் என்ற ஆசையில் கண்ட கிரீமையும் முகத்தில் பூசி, சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து மாநிலமான கேரளாவில் நடந்தது இது.

மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை அங்கு ஒரு வகை சிறுநீரக நோயுடன் 22 பேர் வந்தார்கள். டாக்டர்கள் சோதித்தபோது 15 பேருக்கு ஒரே மாதிரியான பாதிப்பு இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசி வந்தவர்கள்!

கிரீமில் இருந்த பாதரசம்தான் காரணம் என்று டாக்டர்கள் கருதினார்கள். கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலானவர்கள் தேறினார்கள். இந்த விவரம் மருத்துவ இதழிலும் வெளிவந்து நாடு முழுவதும் பேசப்பட்டது.

அதெல்லாம் இருக்கட்டும். திருச்சி, ஸ்ரீரங்கம் பெண்களுக்கு இதில் என்ன சேதி?

இருக்கிறது. கிரீமைக் கண்டு பயந்தவர்கள் திரும்பிப் பார்ப்பது பாட்டி கொடுத்த நலங்கு மாவைத்தான். அது நல்லதா? எப்படி செய்வது? எதில் ஜாக்கிரதை வேண்டும்? விவரம் வருமாறு:-

பாட்டியும் பேத்தியும்

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியோ, உத்திர வீதியோ, கல்லூரிக்குப் போகும் பெண் இருக்கும் வீட்டில் இந்தப் பேச்சு கேட்காமல் இருக்காது.

"பாட்டி, மூஞ்சியெல்லாம் கறுத்துப் போச்சு. ஏதாவது சொல்லேன்."

"உச்சி வெயில்ல குடை இல்லாம சுத்தினா கறுக்காம என்னடி பண்ணும்? டப்பாவுல மாவு இருக்கு பாரு. கொழைச்சு பூசிக்கோ. காயறதுக்கு முன்னாடி அலம்பிடு."

"பூசினா செவப்பா ஆயிடுவேனா?"

"உங்க தாத்தா நெறம் உனக்கு. அது எங்கடி போகும்?"

பாட்டி சொல்வதில் விஞ்ஞானமும் இருக்கிறது. தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்ற பொருள். ஒருவருக்கு அது எவ்வளவு என்பது பரம்பரையாக வருவது. வெயில் பட்டால் கூடும். எந்த மாவும் பரம்பரை நிறத்தை மாற்றாது.

அப்படியானால் மாவு என்னதான் செய்யும்? எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும். தூசியைப் போக்கும். குளிர்ச்சி தரும். தோல் மிருதுவாகும். அதனால் முகம் பளிச்சென்று தெரியும். அவ்வளவுதான். அதுவே பெரிய காரியம்தான்.

சோப்பில் காரத்தன்மை உண்டு. தோலின் மேல் பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது. அடிக்கடி சோப்பு போட்டுத் தேய்த்தால் சிலருக்கு முகம் வறண்டு இழுக்கும். பயத்தம் மாவில் அந்தக் காரம் இல்லை. எண்ணெயை மட்டும் உறிஞ்சிக் கொண்டு போய்விடும்.

கடை வீதியில் என்ன வாங்குவது?

மலைக்கோட்டை அடிவாரம். பெரிய கடை வீதி, சின்னக்கடை வீதி, காந்தி மார்க்கெட் பக்கம் போனால் நாட்டு மருந்துக் கடையின் வாசனையே வழி காட்டிவிடும்.

"அண்ணே, நலுங்கு மாவுக்கு சாமான் போடுங்க" என்று கேட்டால் போதும். கடைக்காரரே ஒவ்வொன்றாக எடுத்துப் பொட்டலம் கட்டுவார். ஆனாலும் வாங்குகிறவருக்கு சரக்கு தெரிந்திருக்க வேண்டும்.

முகத்துக்கு மட்டும் என்றால் இந்த அளவு போதும்:-

பச்சைப் பயறு - 250 கிராம்.

கடலைப் பருப்பு - 50 கிராம்.

கஸ்தூரி மஞ்சள் - 25 கிராம்.

பூலாங்கிழங்கு - 25 கிராம்.

கோரைக்கிழங்கு - 25 கிராம்.

காய்ந்த ஆவாரம் பூ - 25 கிராம்.

காய்ந்த பன்னீர் ரோஜா இதழ் - 25 கிராம்.

வெட்டிவேர் - 10 கிராம்.

வீட்டுக்கு வீடு அளவு மாறும். சிலர் வேப்பிலை சேர்ப்பார்கள். சிலர் பூலாங்கிழங்கைக் கூட்டுவார்கள். பயறு அதிகம், மற்றவை கொஞ்சம் என்ற கணக்கு மட்டும் மாறக்கூடாது.

ரோஜா இதழை வீட்டிலேயே காய வைக்கலாம். ஸ்ரீரங்கம் சாத்தார வீதி பூ மார்க்கெட்டில் உதிரி ரோஜா வாங்கி வந்து நன்றாகக் கழுவ வேண்டும். பூவில் மருந்து அடித்திருப்பார்கள் என்பதை மறக்கக்கூடாது.

மிளகாய் மெஷின்! உஷார்!

பயறையும் பருப்பையும் வெயிலில் காய வைக்கலாம். பூவையும் வேரையும் நிழலில்தான் காய வைக்க வேண்டும். வெயிலில் போட்டால் வாசனை போய்விடும்.

எல்லாம் கையில் எடுத்தால் மொறமொறவென்று நொறுங்க வேண்டும். ஈரம் இருந்தால் மாவில் பூஞ்சை பிடிக்கும்.

அடுத்தது அரைப்பது. இங்குதான் பலர் ஏமாறுகிறார்கள்.

மாவு மில்லில் முன்னால் போனவர் மிளகாய் அரைத்திருப்பார். அதே மெஷினில் இதையும் போட்டால் முகம் கதி என்ன ஆகும்? எரிச்சலில் துடிக்க வேண்டியதுதான். பயறு, சீயக்காய் அரைக்கும் தனி மெஷின் இருந்தால் அதில் கொடுக்கலாம். இல்லாவிட்டால் வீட்டு மிக்சியே மேல். மிக்சி ஜாரிலும் மிளகாய்த்தூள், கரம் மசாலா மிச்சம் இருக்கக்கூடாது.

அரைத்த மாவை மெல்லிய வெள்ளைத் துணியில் சலிக்க வேண்டும். சித்த வைத்தியத்தில் இதற்கு வஸ்திரகாயம் என்று பெயர். உடம்புக்குப் பூசும் மாவு கொஞ்சம் கொரகொரப்பாக இருக்கலாம். முகத்துக்கு ஆகாது. கொரகொரப்பான மாவைத் தேய்த்தால் தோல் கீறும். பரு இருந்தால் உடைந்து வீங்கும்.

சலித்த மாவை ஈரம் இல்லாத கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடி வைக்க வேண்டும். ஈரக் கரண்டி போடக்கூடாது. இரண்டு, மூன்று மாதத்துக்கு மேல் வைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துக் கொள்வது நல்லது. நிறம் மாறினாலும், மக்கு வாடை வந்தாலும் குப்பையில் போட வேண்டியதுதான்.

எப்படி பூசுவது?

முதலில் முகத்தை வெறும் தண்ணீரில் கழுவ வேண்டும். இரண்டு ஸ்பூன் மாவை தண்ணீர் விட்டுக் குழைத்து, மெல்லியதாகப் பூச வேண்டும். கண்ணைச் சுற்றியும் உதட்டிலும் வேண்டாம்.

10 நிமிடம் முதல் 15 நிமிடம் வரை போதும். மாவு காய்ந்து வெடிக்கும் வரை வைத்திருந்தால் அது தோலில் உள்ள ஈரத்தையும் சேர்த்து இழுத்துவிடும். லேசாக ஈரம் இருக்கும்போதே தண்ணீர் தொட்டு இளக்கி, தேய்க்காமல் கழுவ வேண்டும்.

வாரத்துக்கு ஒரு முறை அல்லது இரண்டு முறை போதும். தினமும் வேண்டாம்.

முகத்துக்கு முகம் மாறும்

எண்ணெய் வழியும் முகமா? வெட்டிவேரை இரவு தண்ணீரில் ஊறப் போட்டு, காலையில் அந்தத் தண்ணீரில் நலங்கு மாவைக் குழைத்துப் பூசலாம்.

வறண்ட முகமா? இதற்கு மாவு வேண்டாம். வாழைப்பழம் போதும். திருச்சியில் அதற்கா பஞ்சம்? தொட்டியம், முசிறி, லால்குடி என்று மாவட்டம் முழுவதும் வாழை. மத்திய அரசு தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தை 1993-ல் தொடங்கியதும் இந்தத் திருச்சியில்தான். நன்றாகக் கனிந்த பூவன் பழம் பாதியை எடுத்து, கட்டி இல்லாமல் மசித்துப் பூசி, 10 நிமிடத்தில் கழுவிவிடலாம்.

வெயிலில் அலைந்து முகம் காந்துகிறதா? வெள்ளரிக்காயைத் துருவி, குளிர்ந்ததும் முகத்தில் வைக்கலாம். வெள்ளரியில் பெரும் பகுதி தண்ணீர்தான். அது ஆவியாகும்போது சூட்டை எடுத்துக் கொண்டு போகும். வேறு மாயம் ஒன்றும் இல்லை.

சோற்றுக் கற்றாழையும் நல்லது. ஆனால் வெட்டியவுடன் பூசக்கூடாது. மடலை வெட்டியதும் மஞ்சள் நிறத்தில் ஒரு பால் வடியும். அது தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும். மடலைக் கொஞ்ச நேரம் நிமிர்த்தி வைத்து, பால் முழுவதும் வடிந்த பிறகு தோலைச் சீவி, உள்ளே இருக்கும் சோற்றை நன்றாகக் கழுவி எடுக்க வேண்டும்.

பச்சையாக அரைத்த எதையும் மறுநாளைக்கு வைக்கக்கூடாது. "பிரிட்ஜில இருக்கே" என்று எடுத்துப் பூசுவதும் வேண்டாம். அன்று அரைத்தது அன்றோடு சரி.

மஞ்சளில் விஷமா?

முகத்துக்கு மஞ்சள் என்றால் கஸ்தூரி மஞ்சள்தான். சமையல் மஞ்சள் பூசினால் முகத்தில் மஞ்சள் கறை பிடிக்கும். கஸ்தூரி மஞ்சள் அப்படிப் பிடிக்காது. வாசனையிலும் லேசாகக் கற்பூர மணம் அடிக்கும். அதே பெயரில் வேறு கிழங்குகளும் விற்பனைக்கு வருகின்றன. பளீர் மஞ்சளாக இருந்து கையில் கறை ஏற்றினால் சந்தேகப்பட வேண்டும்.

இதைவிட பெரிய சந்தேகம் கலப்படம். மஞ்சள் எடுப்பாகத் தெரிவதற்காக லெட் குரோமேட் என்ற ஈயச் சாயத்தை ஏற்றும் அக்கிரமம் நடக்கிறது. மஞ்சளில் 10 லட்சத்தில் 10 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. 2024-ல் வெளியான ஓர் ஆய்வில் பீகார் மாநிலம் பாட்னாவில் வாங்கிய மஞ்சளில் 1,000 பங்குக்கும் மேல் ஈயம் இருந்தது தெரிய வந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். முகத்துக்குப் பூசுவது மட்டுமல்ல, சாம்பாரில் போடுவதும் இதே மஞ்சள்தானே?

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, ஒரு ஸ்பூன் மஞ்சள் தூளை மேலாகப் போட வேண்டும். கலக்கக்கூடாது. நல்ல தூள் அடியில் படியும். தண்ணீர் வெளிர் மஞ்சளாக இருக்கும். சாயம் கலந்த தூள் என்றால் தண்ணீர் முழுவதும் அடர்த்தியான மஞ்சளாகிவிடும்.

கிழங்கையும் தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம். உடனே சாயம் இறங்கினால் அந்தக் கிழங்கு வேண்டாம்.

கார்போகரிசி, எலுமிச்சை: தொடாதீர்கள்

நலங்கு மாவில் சில வீடுகளில் கார்போகரிசி சேர்ப்பது வழக்கம். இது தோல் நோய்க்கு வைத்தியர்கள் கொடுக்கும் சரக்கு. இதில் சோரலன் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் சிவந்து கொப்புளம் போடும். ஆறிய பிறகும் கருப்புத் தழும்பு நிற்கும். வெண்புள்ளி நோய்க்கு இதை டாக்டர் மேற்பார்வையில்தான் கொடுக்கிறார்கள். அழகுக்காக முகத்தில் பூசுகிற சமாசாரம் அல்ல.

எலுமிச்சம் பழமும் அதே வகைதான். "எலுமிச்சம் பழத்தை அப்படியே தேச்சா கருப்பு போயிடும்" என்று சொல்லாத ஆள் இல்லை. அதன் புளிப்பு தோலை அரிக்கும். வெயிலில் போனால் கொப்புளம் வரும். மே மாதத்தில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டும் திருச்சி வெயிலில் இது விஷப் பரீட்சை!

பச்சை பப்பாளிப் பாலும் அப்படித்தான். இறைச்சியை மிருதுவாக்கப் போடுகிற பொருள் முகத்தை மட்டும் விட்டு வைக்குமா?

கல்யாண வீட்டில் தெளிக்கும் பன்னீரையும் முகத்துக்கு எடுக்க வேண்டாம். செயற்கை வாசனை கலந்ததாக இருக்கலாம். சந்தனமும் கட்டை வாங்கிக் கல்லில் இழைப்பதே நல்லது. மலிவு விலையில் டப்பாவில் வருவதெல்லாம் சந்தனம் அல்ல.

கல்யாணப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை

நலங்கு என்பதே கல்யாணச் சடங்கு. அந்த ஜோரில் கல்யாணத்துக்கு முதல் நாள் புதுப் பூச்சு ஒன்றைப் போட்டு, முகம் வீங்கி, மணமேடையில் தலை குனிந்து உட்காருவது எந்தப் பெண்ணுக்கும் வரக்கூடாத நிலைமை.

மூலிகைதானே, என்ன செய்யும் என்று நினைக்கக்கூடாது. மூலிகையும் சிலருக்கு ஒத்துக் கொள்ளாது. ஒரே மஞ்சள் அக்காளுக்கு சேரும், தங்கைக்கு தடிக்கும்.

எந்தப் பூச்சாக இருந்தாலும் முதலில் முழங்கையின் உள்பக்கம் ஒரு ரூபாய் காசு அளவுக்குப் பூசிக் கழுவிவிட்டு, ஒரு நாள் முழுவதும் பார்க்க வேண்டும். அரிப்பு, தடிப்பு, சிவப்பு இல்லை என்றால்தான் முகத்துக்கு. கல்யாணம் என்றால் ஒரு மாதம் முன்னதாகவே இந்தச் சோதனையை முடித்துவிட வேண்டும். பழகாத பூச்சு எதுவும் கடைசி வாரத்தில் வேண்டவே வேண்டாம்.

சீழ் வைத்த பரு, புண், படை, கரப்பான் உள்ளவர்களும், முகத்துக்கு டாக்டர் கொடுத்த மருந்து பூசுகிறவர்களும் கேட்காமல் எதையும் போடக்கூடாது. புத்தூரில் மகாத்மா காந்தி நினைவு அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கு தோல் டாக்டரிடம் காட்டலாம். கி.ஆ.பெ. விசுவநாதம் பெயரில் 1997 முதல் இயங்கும் அரசு மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது இது. முத்தமிழ்க் காவலர் என்று பெயர் பெற்ற அவரும் சித்த வைத்தியத்தில் பெரிய ஈடுபாடு கொண்டவர்.

கிரீம் வாங்கினால்...

கிரீமே கூடாது என்பதல்ல. லேபிளைப் பார்த்து வாங்க வேண்டும். தயாரித்தவர் பெயர், லைசென்ஸ் நம்பர், உள்ளே என்ன இருக்கிறது என்ற விவரம் இல்லாத டப்பாவைத் தொடக்கூடாது. அழகுப் பொருள்களில் பாதரசம் சேர்த்துத் தயாரிப்பதை 2020-ம் ஆண்டு விதிகள் தடை செய்கின்றன.

இன்னொரு ஆபத்து ஸ்டீராய்டு கிரீம். பூசிய நாலு நாளில் முகம் வெளுத்த மாதிரி தெரியும். நிறுத்தினால் சிவந்து எரியும். நாளாக நாளாக தோல் மெலிந்து நரம்பு தெரியும். 2018-ல் மத்திய அரசு இந்த வகையில் பல கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் "அக்கா போட்டா, நானும் போட்டேன்" என்று சீட்டு இல்லாமலே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

நிறத்தைக் காட்டி ஆசை மூட்டும் வியாபாரத்துக்கு வயது அதிகம். பேர் அண்ட் லவ்லி நம் நாட்டில் 1975-ல் விற்பனைக்கு வந்தது. எதிர்ப்பு வலுத்ததும் 2020-ல் பெயரில் இருந்த 'பேர்' போய் 'குளோ' வந்தது. பெயர் மாறிவிட்டது. பெண் பார்க்க வருகிறவர்கள் "பொண்ணு என்ன நெறம்?" என்று கேட்பது மட்டும் மாறவில்லை.

காப்பு

பூச்சு என்பது ஸ்ரீரங்கத்துக்குப் புதிதல்ல. பெரிய கோவிலில் பள்ளி கொண்டிருக்கும் மூலவர் சுதையால் ஆனவர். அதனால் அவருக்குத் தண்ணீர் அபிஷேகம் கிடையாது. ஆனி மாதம் ஜேஷ்டாபிஷேகத்தை ஒட்டி தைலக்காப்பு சாத்துகிறார்கள். அந்த நாட்களில் திருமுக தரிசனம் மட்டும்தான். திருவடி சேவை கிடையாது. ராமானுஜர் சன்னதியிலும் திருமேனிக்கு குங்குமப்பூவும் பச்சைக் கற்பூரமும் சாத்தும் வழக்கம் உண்டு.

இதற்கெல்லாம் காப்பு என்றுதான் பெயர். இருப்பதைக் கெடாமல் காப்பது காப்பு. நலங்கு மாவுக்கும் அந்த வேலைதான்.

எனவே வெயிலில் போகும்போது குடை, முகத்துக்கு டாக்டர்கள் சொல்லும் சன்ஸ்கிரீன், வாரம் ஒரு நாள் பாட்டி மாவு. இது போதும்.

பேத்திகள் இதையும் நினைத்துப் பார்க்கலாம். பெரிய பெருமாள் கருத்த திருமேனி. தைலக்காப்பு சாத்தினால் இன்னும் கருத்துத்தான் தெரிவார். அந்த முகத்தைப் பார்ப்பதற்குத்தான் எங்கெங்கோ இருந்து வந்து மணிக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்கள்!